அட்டைப் படத்தை எடுத்தவர்

இந்த நினைவு மலர் கைக்கு வந்ததும் நீங்கள் முதலில் பார்த்தது அட்டையில் இருக்கும் அப்பாவைத்தான் என்று எனக்குத் தெரியும். அச்சுக்குப் போகும் முன் பார்த்த உறவினர்களும் அப்படித்தான் செய்தார்கள். பார்த்ததும் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். எந்த ஸ்டூடியோவில் எடுத்தது? ஈப்போவிலா, கோலாலம்பூரிலா? ஆளாளுக்குப் பதில் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவில் மூத்த மகள் எழுத வேண்டிய இந்தக் கட்டுரையையே அந்தக் கேள்விக்குப் பதிலாக எழுதிவிடுகிறேன்.

அப்பா ரிங்லெட் ஊருக்கு மேலே மலையில் உள்ள தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்தவர். தந்தையைச் சிறு வயதிலேயே இழந்தார். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுத் தோட்டத்துத் தொழிற்சாலையில் இலை வாட்டும் பகுதியில் வேலைக்குச் சேர்ந்தார். தம்பிகளைப் படிக்க வைத்து, தங்கையைக் கட்டிக்கொடுத்து, நாற்பதை நெருங்கும்போதுதான் தமக்கென்று ஒரு பொருள் வாங்கினார். அதுவும் வேட்டியோ மோதிரமோ இல்லை, ஈப்போவில் ஒரு பழைய பொருள் கடையில் கிடைத்த பிலிம் கேமராவும் அதோடு வந்த லென்ஸ்களும்தான். ஒவ்வொரு லென்ஸிலும் ஒரு வளையம் இருக்கும். அதைக் கையால் மெல்லத் திருப்பித்தான் முகம் தெளிவாகத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

தொழிற்சாலை வேலை முடிந்தால் காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கோயில் திருவிழா என்று எங்கே கூப்பிட்டாலும் போய்விடுவார். ஆனால் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது வயதானவர்களின் படங்கள்தான். எங்கள் பக்கத்தில் பெரியவர்களைத் தனியாக உட்கார வைத்துப் படம் எடுப்பது லேசான காரியம் இல்லை. மாலை போடத்தானே எடுக்கிறாய் என்று முறைப்பார்கள். அப்பா அவர்களிடம் படம் எடுப்பதாகச் சொல்லவே மாட்டார். லென்ஸ் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறேன், கொஞ்சம் நில்லுங்கள் என்பார். பிறகு வளையத்தைத் திருப்புவார், திருப்புவார், திருப்பிக்கொண்டே இருப்பார். நின்றவர் பொறுமை இழந்து இரண்டு வார்த்தை திட்டிவிட்டு, தாம் திட்டியதை நினைத்துத் தாமே சிரிப்பார். அந்த நொடியில் படம் விழுந்துவிடும். இங்கிருந்து கம்போங் ராஜா வரைக்கும் எத்தனையோ வீடுகளில் மாலைக்குள் இருந்து சிரித்துக்கொண்டிருப்பவர்கள் அப்படி அகப்பட்டவர்கள்தான்.

பிலிம் கிடைப்பது குறைந்ததும் கேமரா அலமாரிக்குப் போனது. லென்ஸ்களுக்கு மட்டும் அப்பா வேறு இடம் பார்த்தார். எங்கள் மலையின் ஈரத்தில் கண்ணாடிக்குள் பூசணம் பிடித்துவிடும் என்பதால் அவற்றைத் துணியில் சுற்றி, அரிசி கொட்டி வைக்கும் தோம்பில் புதைத்து வைத்தார். அம்மா தோட்டத்தில் கொழுந்து பறித்துவிட்டு வந்து உலை வைப்பவர். படிக்குப் பதிலாக லென்ஸ் கையில் வந்தால் எப்படி இருக்கும்? கேமரா என்ற சொல்லே அம்மாவுக்குப் பிடிக்காமல் போனதற்கு அந்தத் தோம்புதான் காரணம்.

சில ஆண்டுகளுக்கு முன், கோலாலம்பூரில் வேலை செய்யும் என் தம்பி அப்பாவுக்கு ஒரு புது டிஜிட்டல் கேமரா வாங்கி வந்தான். தானாகவே முகத்தைத் தேடிப் பிடித்துத் தெளிவாக எடுக்கும் லென்ஸ் அதில் இருந்தது. அப்பா அதைக் கழற்றி, துடைத்து, தம்பியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். பழைய லென்ஸைப் புதுக் கேமராவில் மாட்ட ஒரு இணைப்பு வளையம் இருக்கிறதாம், அதை வாங்கி அனுப்பு என்றார். வளையம் தபாலில் வந்தது. மாட்டிவிட்டு அமுக்கினால், லென்ஸ் இல்லை என்று கேமரா படம் எடுக்க மறுத்துவிட்டது. அப்பாவுக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"கண்ணு முன்னால கல்லு மாதிரி உக்காந்திருக்கு, இல்லேங்குது பாரு. இதுக்குத்தான் கண்ணு தெரியல" என்று தம்பியைப் போனில் பிடித்து உலுக்கினார். தம்பி அங்கிருந்தபடியே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்து, லென்ஸ் இல்லாவிட்டாலும் படம் எடு என்று கேமராவுக்கு உத்தரவு கொடுக்கும் இடத்தைக் கண்டுபிடித்தான். அன்றிலிருந்து அப்பாவுக்கு மறுபடியும் இளமை வந்துவிட்டது. இனிப்பு நீர் வியாதி அவர் பார்வையைக் குறைத்திருந்த காலம் அது. பழைய கேமராவில் கண்ணை வைத்தால் அவருக்கு எல்லாமே மூடுபனிதான். புதுக் கேமராவின் திரையிலோ முகத்தைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். எந்த இடம் தெளிவாக இருக்கிறதோ அந்த இடத்தின் ஓரங்களில் சிவப்புக் கோடு மினுங்கும். இனி படமே எடுக்க முடியாது என்று மனத்துக்குள் முடிவு கட்டியிருந்த மனிதர், பேரப்பிள்ளையின் இமையில் சிவப்பு மினுங்கியதைப் பார்த்துவிட்டு அழுதார். நானும் அழுதேன்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. அந்தக் கேமராவை வேறு யார் கையில் கொடுத்தாலும் பட்டனைத்தான் அமுக்குவார்கள். வளையத்தைத் திருப்ப வேண்டும் என்று யாருக்கும் நினைவு வராது. தீபாவளிக்கு என் கணவர் எடுத்த படத்தில் பின்னால் இருந்த சமையல் கேஸ் தோம்பு பளிச்சென்று விழுந்திருக்கிறது. முன்னால் நிற்கும் அப்பா யாரோ போலக் கலங்கியிருக்கிறார். ஊருக்கெல்லாம் படம் எடுத்தவருக்குத் தெளிவான படம் ஒன்றுகூட இல்லை.

சிறுநீரகம் கெட்டு, தானா ராத்தா மருத்துவமனைக்கு ரத்தம் சுத்திகரிக்கப் போகத் தொடங்கியபோது அப்பா அதை நினைத்தார். எங்களிடம் சொல்லவில்லை, அம்மாவிடம் சொன்னார்.

"என் படத்த நீதான் எடுக்கணும் புள்ள."

அது எதற்கான படம் என்று அம்மாவுக்குத் தெரியும். அதை எடுத்தால் அவர் போவதற்குத் தாமே சம்மதித்ததாகிவிடும் என்று அம்மா நினைத்தார். மாட்டேன் என்றார். அப்பா விடவில்லை. கடைசியில் அம்மா ஒரு வழி சொன்னார். நோயாளி முகத்தை எடுக்க மாட்டேன், நீங்கள் நன்றாக இருக்கும் ஒரு நல்ல நாளில் எடுக்கிறேன். அதற்குப் பிறகு தினமும் காலையில் அப்பா எழுந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "இன்னிக்கு நல்ல நாளா?" என்பதுதான். அம்மா அவர் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, "இன்னும் இல்ல" என்பார். மாதக்கணக்கில் இப்படியே போனது. வாய்க்கு எதுவும் பிடிக்காமல் அப்பா மெலிந்துகொண்டே வந்தார். நல்ல நாள் வருவதற்குள் அவர் போய்விடுவாரோ என்று நான் பயந்தேன்.

ஒரு காலை, நான் வந்திருந்த நேரம், அப்பா தட்டைக் காலி செய்துவிட்டு இன்னொரு தோசை கேட்டார். அம்மா தோசையைத் திருப்பிப் போட்டார், அடுப்பைக் குறைத்தார், கையைத் துடைத்துக்கொண்டு அரிசித் தோம்புக்குள் கைவிட்டு லென்ஸை எடுத்தார்.

"இன்னிக்கு நல்ல நாளுதான். நேரா உக்காருங்க."

கேமராவில் லென்ஸை மாட்டிக் கொடுத்தது அப்பா. வளையத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. வளையத்தைத் தொடாதே, நீ நகரு, என் கண்ணில் சிவப்பு மினுங்கும் வரைக்கும் முன்னே பின்னே போ என்று அப்பா சொன்னார். அம்மா சமையலறையில் ஓரடி முன்னே வந்தார், அரையடி பின்னே போனார். சிவப்பு காதில் மினுங்கியது, மூக்கில் மினுங்கியது, பின்சுவரில் தொங்கிய கரண்டியில்கூட மினுங்கியது. கண்ணுக்கு மட்டும் வரவில்லை. அம்மா அலுக்காமல் நகர்ந்துகொண்டே இருந்தார்.

"என்னா லா, தோச ஆறிப்போவுது" என்று அப்பா சலித்துக்கொண்டார். சொன்ன பிறகுதான் தாம் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. சிரித்துவிட்டார். அம்மா அமுக்கினார்.

"இப்ப தெரியுதா, நாங்கல்லாம் எப்படி நின்னோம்னு?"

அதற்குப் பிறகு அம்மாவைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. வளையம் திருப்பவும் வந்துவிட்டது. பிரிஞ்சாங் பசார் மாலாம் இரவுச் சந்தையில் சோளம் பொறுக்கும் அப்பா, அணைக்கட்டு ஏரிப் பக்கம் தொப்பியோடு நிற்கும் அப்பா, கோயிலில் தூங்கி வழியும் அப்பா என்று கடைசி நாள் வரை எடுத்துக்கொண்டே இருந்தார். இந்த அட்டைக்கு எதைப் போடுவது என்று எனக்கும் தம்பிக்கும் சண்டையே வந்தது. நீங்கள் பார்ப்பது கோயில் திருவிழாவில் எடுத்தது. அப்பா உங்களைப் பார்க்கவில்லை. எடுத்து முடி என்று அம்மாவைப் பார்க்கிறார்.

அந்தத் தோசைப் படத்தை மட்டும் அம்மா இந்த மலருக்குக் கொடுக்கவில்லை. அது சமையலறையில், அரிசித் தோம்புக்கு மேலே தொங்குகிறது. அது நல்ல நாள் படமாம், அதற்கு மாலை போடக் கூடாதாம்.

மழையிலும் மூடுபனியிலும் அப்பாவைத் தானா ராத்தாவுக்கு வேனில் கூட்டிச் சென்ற பக்கத்து வீட்டு மாமாவுக்கும், ஊசி குத்தும்போதெல்லாம் அப்பாவிடம் திட்டு வாங்கியும் சிரித்த தாதியருக்கும், கஞ்சி காய்ச்சி வந்த லயத்துச் சகோதரிகளுக்கும், கம்போங் ராஜா சித்தப்பாமார்களுக்கும், அத்தைக்கும், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்த தோட்டத்துத் தோழர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

இன்று படையல் முடிந்து நீங்கள் இலையில் உட்காரும்போது அம்மா கேமராவோடு வருவார். லென்ஸ் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதாகத்தான் சொல்வார். பெரியவர்கள் தயவுசெய்து முறைக்க வேண்டாம். சோறு ஆறினாலும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். காலையில் அப்பாவின் படத்துக்கு முன்னால் நின்று, இன்று நல்ல நாளா என்று அம்மாவிடம் நான் கேட்டுவிட்டேன். இன்று நல்ல நாள்தான் என்று அம்மா சொன்னார்.