கோவிந்தப்பாவின் பஸ்ஸுக்கு எந்த வார்னிஷ்?

சுந்தரராமனுக்குக் கவலைப்படுவது கைவந்த கலை. கும்பகோணத்திலிருந்து பெங்களூர் ஆபீசுக்கு மாற்றலாகி வந்து இறங்கிய அன்றே, இந்த ஊர்க் குளிருக்குத் தேங்காயெண்ணெய் உறைந்துவிட்டால் தலைக்கு என்ன தடவுவது என்று கவலைப்பட்டவர் அவர். 1958ஆம் வருஷம் அவருடைய சில்லறைக் கவலைகளையெல்லாம் ஓரமாக உட்காரவைத்துவிட்டு ஒரு பெரிய கவலை வந்தது. ஆஸ்டின் டவுனில் அவர் குடியிருந்த பின்கட்டின் சொந்தக்காரர் கோவிந்தப்பா ஒருநாள் வந்து, "தசரா முடிஞ்சதும் காலி பண்ணிக் குடுத்துடுங்க ஐயரே. அக்கா மகன் குடும்பத்தோட வர்றான்" என்று சொல்லிவிட்டார்.

வேறு வீடு பார்க்கலாம்தான். ஆனால் குழாயில் தண்ணீர் வருகிற வீடு? அவர் மனைவி அனந்தலக்ஷ்மி அந்தக் குழாயைப் பெற்ற பிள்ளையைப் போலப் பார்த்துக்கொள்கிறவள்.

கோவிந்தப்பாவிடம் ஒரு காலத்தில் பஸ் இருந்தது. சிவாஜிநகருக்கும் ஹொஸ்கோட்டைக்கும் ஓடிய சிவப்பு பஸ். அதை விற்றபோது ரப்பர் பந்து வைத்த ஹாரனை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டார். வருஷா வருஷம் ஆயுத பூஜையன்று அந்த ஹாரனுக்குச் சந்தனம், குங்குமம், பூ, கற்பூரம் எல்லாம் நடக்கும். கடைசியில் "பாம்" என்று ஒருதரம் அடித்துவிட்டு மூக்கைச் சிந்துவார்.

சுந்தரராமனுக்குப் பொழுதுபோக்கே மரத்தில் சின்ன வண்டிகள் செய்வதுதான். அந்த பஸ்ஸை முழங்கை நீளத்தில் அப்படியே செய்து பூஜைக்குக் கொடுத்தால் மனிதர் மனம் இளகாதா?

"ஏன்னா, இது லஞ்சம்" என்றாள் அனந்தலக்ஷ்மி.

"மரியாதைடீ."

பார்சல் பெட்டிப் பலகையில் உடம்பு, பவுடர் டப்பாத் தகரத்தில் மூக்கு, துடைப்பக் கட்டையை நறுக்கிச் சக்கரம். சிவப்பு எனாமலும் அடித்தாயிற்று. அதன் மேல் நிறமில்லாத பூச்சு ஒன்று வேண்டும். அங்கேதான் சிக்கல். அலமாரியில் உட்காரப்போகிற பொம்மையாக இருந்தால் எதை வேண்டுமானாலும் பூசலாம். இந்த பஸ்ஸோ மஞ்சள் தண்ணீரில் குளித்து, குங்குமம் வைத்துக்கொண்டு, கற்பூரத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியது.

சிவாஜிநகர் பெயிண்ட் கடைக்காரர் அய்யாவு மூன்று டப்பாக்களை எடுத்து வைத்தார். "ஸ்பிரிட் பாலிஷ் சட்டுனு காயும் சார், தண்ணி பட்டா வெளுத்துடும். காருக்கு அடிக்கற லாக்கர் கண்ணாடி மாதிரி இருக்கும், ஆனா எனாமலைத் தூக்கிடும். கற்பூரம்னு வேற சொல்றீங்க, பஸ்ஸு தீப்பிடிச்சா நான் ஜவாப்தாரி இல்ல. கோபால்னு பிசின் வார்னிஷ் இருக்கே, அது நல்லது. என்ன, இந்த மழைல காயறதுக்குள்ள அடுத்த தசரா வந்துடும்."

சுந்தரராமனால் ஒன்றை விட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியவில்லை. மூன்றிலும் கொஞ்சம் வாங்கி வந்தார். வீட்டிலிருந்த உட்காரும் மணைக்குச் சிவப்பு எனாமல் அடித்து, காய்ந்ததும் மூன்றையும் பட்டை பட்டையாகப் பூசி, தண்ணீர் தெளித்து, குங்குமமும் வைத்துப் பார்த்தார். ஸ்பிரிட் பாலிஷ் தேமல் விழுந்தது போல வெளுத்தது. லாக்கர் பட்டை பொரித்த அப்பளமாகச் சுருங்கியது. கோபால் வார்னிஷ் மட்டும் பளபளவென்று சிரித்தது. ஆனால் தொட்டால் விரலை விட மறுத்தது. காயட்டும் என்று மணையைச் சுவரோரம் சாத்திவிட்டு ஆபீஸ் போனார்.

சாயங்காலம் திரும்பி வந்தால் ரேழியில் கோவிந்தப்பா. வீட்டிலிருந்த ஒரே நாற்காலியில் துண்டு போர்த்திய பஸ் இருந்ததால், அனந்தலக்ஷ்மி மணையைப் போட்டு அவரை உட்காரவைத்திருந்தாள். அந்த மணையை.

"வாங்க ஐயரே. அக்கா மகன் காகிதம் போட்டிருக்கான், அதான் சொல்லிட்டுப் போலாம்னு..." என்று கோவிந்தப்பா எழப்போனார்.

"எழுந்துக்காதீங்கோ!" என்று அலறினார் சுந்தரராமன். "காபி சாப்பிடுங்கோ!"

"ஆச்சே."

"இன்னொண்ணு! அனந்தம், பஜ்ஜி போடு!"

வீட்டைக் காலி பண்ணச் சொன்னவனுக்கு இப்படி ஓர் உபசாரமா என்று கோவிந்தப்பா நெகிழ்ந்துபோனார். இரண்டு தட்டு பஜ்ஜி உள்ளே போயிற்று. மூன்றாவது காபிக்கு மேல் அவரால் முடியவில்லை. "பேடா சாமி, போதும், வயிறு வெடிச்சிடும்" என்று எழுந்தார். மணையும் கூடவே எழுந்தது.

கோவிந்தப்பா ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். மணையும் சுற்றியது.

"ஏன் ஐயரே! காலி பண்ணச் சொன்னா என்னையே ஒட்டவெச்சுடறதா?"

சுந்தரராமன் மணையைப் பிடித்து இழுத்தார். வேட்டியில் ஒரு கை அகலம் மணையோடு தங்கிவிட்டது. இனி மறைக்க ஒன்றுமில்லை என்று உள்ளே ஓடி பஸ்ஸைத் தூக்கிவந்து, அழாத குறையாக மூன்று டப்பாக் கதையையும் சொன்னார்.

கோவிந்தப்பா ஒரு கையால் வேட்டியின் ஓட்டையைப் பொத்திக்கொண்டு மறு கையால் பஸ்ஸை வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கு வார்னிஷா? என் வண்டி என்னிக்கு மின்னிச்சு? ஹொஸ்கோட்டே போறதுக்குள்ள சாணி நெறம் ஆயிடும். சும்னே, இப்படியே இருக்கட்டும்."

"குங்குமம் கறையா ஒட்டிக்குமே?"

"ஒட்டத்தானே வெக்கறோம்!"

பூஜையன்று பூச்சில்லாத பஸ் கோவிந்தப்பா வீட்டு வாசலில் நின்றது. சக்கரத்தடியில் வைத்து நசுக்க எலுமிச்சம்பழம் கொண்டுவந்தார்கள். பழம் சக்கரத்தைவிடப் பெரிதாக இருந்தது. பஸ் அதன் மேல் ஏறித் தலைகுப்புற விழுந்தது. அனந்தலக்ஷ்மி ஓடிப்போய்ச் சமையலறையிலிருந்து நாலு சுண்டைக்காய் கொண்டுவந்தாள். கோவிந்தப்பா கண்ணை மூடி பஸ்ஸை அழுத்தினார். நாலும் படபடவென்று நசுங்கின. பிறகு ஹாரனை எடுத்து "பாம்" என்று அடித்தார். மூக்கைச் சிந்தவில்லை, தெருவே திரும்பிப் பார்க்கட்டும் என்று இன்னொருதரம் அடித்தார்.

"அக்கா மகனுக்கு வேற இடம் பாத்துக்கலாம் ஐயரே. வருஷா வருஷம் இதுக்கு யாரு பெயிண்ட் அடிப்பாங்க? அடுத்த தசரா வரைக்கும் நிம்மதியா இருங்க."

நிம்மதியா? சுந்தரராமன் அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே அடுத்த தசராவுக்கான கவலையை ஆரம்பித்துவிட்டார். நின்றுகொண்டேதான். மணை இன்னும் காயவில்லை.