தீயைத் துரத்திய முட்டி

தீக்காவல் என்பது ஒன்பது மாதம் ஓடாமல் இருந்துவிட்டு மூன்று மாதம் நிற்காமல் ஓடுகிற வேலை. ஜவ்வாது மலையில் பதினாறு வருஷமாக அதைச் செய்கிறேன். மாசியில் கூப்பிடுவார்கள், மழை விழுந்ததும் அனுப்பிவிடுவார்கள். புகை தெரிந்தால் ஓட வேண்டும், பச்சைத் தழையால் அடித்து அணைக்க வேண்டும், அவ்வளவுதான். முட்டி வலிக்காரர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வலிக்காதவர்கள் நம்ப மாட்டார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

இறக்கம்

போன வருஷம் சுக்குநாறிப் புல் சரிவில் தீ. ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. அணைத்துவிட்டு இறங்கினோம். மலைக்காரன் இறக்கத்தில் காலைப் பிடித்து வைக்க மாட்டான். அதன் போக்கில் விட்டுவிட்டுக் கல்லுக்குக் கல் தாவுவான். அதில் எங்களுக்கு ஒரு பெருமை. பாதி வழியில் வலது முட்டிச் சில்லுக்கு அடியில் யாரோ முள்ளை வைத்துத் திருகினதுபோல் இருந்தது.

மறுநாள் பஸ்ஸில் உட்கார்ந்து எழுந்தாலே வலி. படி இறங்கினால் வலி. பின்பக்கமாக நடந்து இறங்கினால் மட்டும் கொஞ்சம் தேவலை. அப்படி இறங்கினதை எங்கள் கூட்டத்தில் இருக்கும் வெள்ளையன் பார்த்துவிட்டான். என் நிலத்துக்குப் பக்கத்து நிலத்துக்காரன். பத்து பேருக்கு நடுவில் சத்தமாகக் கேட்டான்: “இன்னாண்ணா, மலைய வுட்டு எறங்க மனசு வர்லியா?”

புளியமரம்

இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. சும்மா இருக்க முடியாமல் புளி உலுக்க மரத்தில் ஏறினேன். ஏறினால்தான் வலிக்காதே. இறங்கும்போது மகன் ஏணி வைத்தான். வெள்ளையன் ஏறினதை மட்டும் பார்த்துவிட்டுப் போய் பாரஸ்டரிடம் சொல்லிவிட்டான்.

சாமையும் புளியும் வயிற்றுக்குப் போதும். மகள் நர்சிங் படிப்பது இந்தச் சம்பளத்தில்தான். பாரஸ்டர் என்னைக் கூப்பிட்டு, அடுத்த மாசியில் எல்லாரையும் மலைமேல் தீ பார்க்கிற கோபுரம் வரை ஓடவிட்டுத்தான் ஆள் எடுப்பேன் என்றார். வலிக்கிற இடத்தைக் காட்டினேன். அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. “மரம் ஏர்ற காலு மலை எறங்காதாமா? யார்கிட்ட கதை வுட்ற?”

எண்ணெயும் பூட்ஸும்

பிரண்டையை அரைத்துக் கட்டினேன். எண்ணெய் காய்ச்சித் தேய்த்தேன். துணியை இறுக்கிக் கட்டியதில் கால் மரத்துப்போனது, வலி போகவில்லை. வேலையில் கொடுத்த பூட்ஸ்மேல் சந்தேகம் வந்தது. போளூரில் வாணியம்பாடி பாய் ஒருவர் செருப்புக் கடை வைத்திருக்கிறார். அவரிடம் எடுத்துப்போனேன்.

கையை உள்ளே விட்டு, புரட்டி, குதியைப் பார்த்தார். ஒரு அளவு பெரிசு, குதி ஒருபக்கமாகத் தேய்ந்திருக்கிறது என்றார். புதுசு எடுக்கத் தயாராகத்தான் போனேன். அந்த மனுஷன் வியாபாரத்தைக் கெடுத்துக்கொண்டார்: “செருப்ப மாத்துங்க, வேணாம்னு சொல்லல. ஆனா செருப்புதான் புதுசாவும், முட்டி ஆவாது. ஆஸ்பத்திரிக்குப் போங்க.”

ஒற்றைக்கால்

ஆஸ்பத்திரியில் முட்டியைத் தொட்டுப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். பயிற்சி கொடுக்கிற அம்மா ஒற்றைக்காலில் நின்று லேசாக உட்காரச் சொன்னார். தொடை வெடவெடவென்று ஆடியது, முட்டி உள்பக்கம் சாய்ந்தது. பதினாறு வருஷம் ஓடின கால்! வெட்கமாக இருந்தது.

முட்டி கெட்டுப்போகவில்லை என்றார். தொடைக்கும் இடுப்புக்கும் பலம் போதவில்லை, இறக்கத்தில் சுமையெல்லாம் சில்லுமேல் விழுகிறது. படுத்துக் கிடக்காதே, சமதரையில் நட. கொஞ்சம் வலித்தால் பரவாயில்லை, மறுநாளும் வலி இருந்தால் குறைத்துக்கொள். வீங்கினாலோ, மடங்காமல் பூட்டிக்கொண்டாலோ, கால் திடீரென்று நழுவினாலோ உடனே வா. தையிலேயே மெல்ல ஓட ஆரம்பி. மாசி வரைக்கும் ஏன் காத்திருக்கிறாய்? இதை எங்கள் கூட்டத்தில் ஒருத்தனும் யோசித்ததில்லை. நான் முழித்ததைப் பார்த்து அவர் சொன்னது: “ஒம்பது மாசம் கட்டிப்போட்ட மாட்ட ஒரே நாள்ல அஞ்சு காணி உழச் சொன்னா அது இன்னாங்க பண்ணும்?”

சுவர்

சுவரில் முதுகை வைத்துக் கொஞ்சமாக வழுக்கி, பலகை இல்லாமலே உட்கார்ந்ததுபோல் நிற்க வேண்டும். நாற்பது எண்ணும் வரை. தினமும். என் வீட்டுக்காரி மூன்று நாள் பார்த்தாள். நாலாம் நாள் கேட்டாள்: “வூட்ல குந்த எடமா இல்ல?”

மாசி

கோபுரம் வரை ஓடி இறங்க வேண்டும். ஏறினதில் நடுவில் இருந்தேன். இறக்கத்தில் எல்லாரும் தாவிக்கொண்டு போனார்கள். நான் அடியைச் சின்னதாக்கி, முட்டியைக் கொஞ்சம் மடக்கி, கோழி நடக்கிற மாதிரி வந்தேன். வெள்ளையன் விசிலடித்துக்கொண்டே தாண்டினான். நான்தான் கடைசி. பாரஸ்டர் என் பேரை எழுதவில்லை. மகளிடம் என்ன சொல்வது என்று நினைத்துக்கொண்டே வீடு போனேன்.

மறுநாள் விடியும்போதே மேற்குச் சரிவில் புகை. பேர் இருக்கோ இல்லையோ, பதினாறு வருஷப் பழக்கம், போய் நின்றேன். முந்தின நாள் எனக்கு முன்னே ஓடி இறங்கின பதினெட்டு பேரில் ஏழு பேர்தான் வந்தார்கள், அதிலும் மூன்று பேர் நொண்டி. வெள்ளையன் வரவே இல்லை. அணைத்து இறங்கினதும் பாரஸ்டர் நோட்டை எடுத்தார். என்னைப் பார்க்காமலே பக்கத்தில் இருந்த ஆளிடம் சொன்னார்: “கடைசியா வந்தவன்தான் காலைல மொதல்ல வந்து நிக்கிறான், அவன் பேர எழுது.”

வெள்ளையன்

நாலு நாள் கழித்துக் கம்பு ஊன்றி வந்தான். “அண்ணா, எறங்கும்போது சில்லுக்குக் கீழ புடிக்குது” என்றான். புளியமரம் ஏறினால் வலிக்குதா என்று கேட்டேன்.

சுவரைக் காட்டினேன். எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொல்லிக்கொடுத்தேன், எண்ணுவதை மட்டும் என்னிடம் வைத்துக்கொண்டேன். பதினைந்து வரும்போது மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து பதினாறு சொன்னேன். அவன் தொடை ஆடியது, மூக்கு நுனியில் வேர்வை சொட்டியது. கத்தினான்: “அண்ணா, நீ நாப்பது எண்றியா, நானூறு எண்றியா?”

எனக்கு மூன்று மாதத்தில் முட்டி வலி போய்விட்டது. வெள்ளையன்மேல் இருக்கிற கோபத்துக்கு அப்படி ஒன்றும் அவசரமில்லை.