கிள்ளான் ரயிலில் ஒரு அக்கா

கிள்ளானுக்குப் போகும் ரயிலில், மழை வழியும் ஜன்னலோரம் அந்த அக்கா உட்கார்ந்திருந்தார். ஐம்பதைத் தாண்டிய சீன முகம். நெற்றியில் குங்குமம், கொண்டையில் மல்லிகை. தனக்குத்தானே ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

நான் பார்ப்பதைக் கண்டு சிரித்தார்.

"என்னைப் பெத்த தாயப் பாக்கப் போறேன் தம்பி. இதுதான் முதல் தடவ. பொறந்ததுமே தமிழ்க் குடும்பத்துக்குக் கொடுத்துட்டாங்க. பெத்தவங்களுக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது. மலாய்லதான் பேசிக்கணும். அதான் சொல்லிப் பாக்கறேன்."

"அம்மான்னு கூப்பிடுவீங்களா அக்கா?"

"என்னை வளத்த அம்மா வீட்டுல இருக்காங்களே" என்றார். "மலாய்ல இபுன்னு கூப்பிட்டா, பாடப் புத்தகம் படிக்கிற மாதிரி இருக்கு லா."

வெளியே வீடுகளும் மரங்களும் நீரில் கரைந்து நகர்ந்தன.

கிள்ளானில் அவர் இறங்கினார்; நான் இன்னும் போகவேண்டியிருந்தது. நடைமேடையில் ஒரு சீன மூதாட்டி, கூரைக்குக் கீழேயும் குடையை விரித்தபடி நின்றிருந்தார். ரயில் கதவு மூடிக்கொண்டது. கண்ணாடி வழியே அக்காவின் உதடுகள் அசைவதைப் பார்த்தேன். மூதாட்டி குடையை நழுவவிட்டு, இரண்டு கைகளாலும் அவர் முகத்தை ஏந்திக்கொண்டார்.

அக்கா எந்தச் சொல்லால் கூப்பிட்டாரோ, எனக்குக் கேட்கவில்லை. அந்த நிலையத்தைக் கடக்கும்போதெல்லாம் ஒவ்வொரு சொல்லாக நினைத்துப் பார்க்கிறேன்.