நான்காவது போல்ட்

என் கணவர் சென்னையில் ஒரு படகுப் பட்டறையில் ஃபிட்டர். நான் ஏற்காட்டில் மிஷன் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர். கல்யாணமாகி இருபத்தாறு வருடம் அவர் லீவுக்கு வந்து போகிறவராகவே இருந்தார். குழந்தைகள் இல்லை. தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, அதுவே எனக்குப் பழகிவிட்டது. ஓய்வு பெற்று அவர் நிரந்தரமாக மலையேறி வந்தபோது, மினி லாரியில் இரண்டு பெட்டிகளும் ஒரு பழைய பாய்மரப் படகும் வந்து இறங்கின. பத்தடி நீள ஃபைபர் படகு. பட்டறையில் யாரோ வேண்டாமென்று விட்டுப்போனதாம்.

"கடலே இல்லாத ஊருக்கு இது எதுக்குங்க?" என்று கேட்டேன்.

"காத்து இருக்குல்ல" என்றார்.

பின்பக்கத் தகரக் கொட்டகையில் வைத்து அதைப் பழுது பார்க்க ஆரம்பித்தார். பகலெல்லாம் உப்புத்தாள் தேய்க்கும் சத்தம் கேட்கும். எனக்கு எரிச்சலாக இருக்கும். ஒரு நாள் சமையலறை ஜன்னலோரம் வந்து நின்றார்.

"ஏம்மா, அஞ்சு நிமிசம் வர்றியா? உள்ளேருந்து ஸ்பேனரைப் பிடிச்சுக்கிட்டாப் போதும்."

"பேப்பர் திருத்தணுங்க. எனக்கு வேலை இருக்குது" என்றேன்.

அவர் மறுபடி கூப்பிடவில்லை. அந்த மழைக்காலம் முடிவதற்குள் மாரடைப்பில் போய்விட்டார்.

ஒரு வருடம் கொட்டகைப் பக்கமே நான் போகவில்லை. பிறகு ஒரு ரிசார்ட் மேனேஜர் வந்தார். "ஏனுங்க டீச்சர், படகு சும்மாதானே கெடக்குது? எங்க வாசல்ல வெச்சு பூச்செடி நடலாம்னு பாக்கறோமுங்க" என்றார். எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை ஆள் அனுப்புவதாகச் சொன்னார்.

சனிக்கிழமை, குப்பையோடு கொடுக்க வேண்டாமே என்று தார்ப்பாயை விலக்கினேன். முன்பக்க மேல்தட்டுக்கு அடியில் சில்வர் ஓக் இலைகள் மட்கிக் கிடந்தன. வயிற்றை எக்கிக்கொண்டு உள்ளே நுழைந்து அள்ளினேன். கையில் இரும்பு தட்டியது. போன் வெளிச்சத்தில் பார்த்தேன். தலைக்கு மேலே, தட்டின் அடியில், ஒரு நட்டைக் கவ்வியபடி கிரிப் குறடு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. கையால் பிடிக்காமலே கவ்வி நிற்கும் வகை.

பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பிகளை மாட்டும் பட்டைக்கான நட்டு அது. நான்கு போல்ட். மூன்று முடுக்கியாகிவிட்டது. நான்காவதில்தான் குறடு இருந்தது; நட்டைச் சுற்றிலும் குறட்டின் பல் வழுக்கிய கீறல்கள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. மேலே போல்ட்டைத் திருப்பினால் கீழே நட்டும் சேர்ந்து சுற்றும். ஒருவர் மேலே, ஒருவர் உள்ளே இருக்க வேண்டிய வேலை. அவர் குறட்டை மாட்டிவிட்டு வெளியே ஊர்ந்து வந்து திருப்பி, அது நழுவியதும் மறுபடி உள்ளே ஊர்ந்துபோய் மாட்டியிருக்கிறார். அறுபது வயதில். நான் இருபதடி தள்ளி உட்கார்ந்திருந்தேன்.

வெளியே ஊர்ந்து வந்தேன். பிறகு மேனேஜருக்குப் போன் போட்டு, தரமுடியாது என்றேன். காரணம் கேட்டார். வேலை பாக்கி இருக்கிறது என்றேன்.

மறுநாளிலிருந்து அவருடைய பழைய சட்டையை மாட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். படகின் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு விரிசல். போனில் வீடியோ பார்த்து, சேலத்தில் ரெசின் பசையும் கண்ணாடி இழையும் வாங்கி வந்தேன். முதல் ஒட்டு, பனிமூட்டத்தில் நான்கு நாளாகியும் பிசுபிசுவென்றே இருந்தது. சுரண்டி எடுத்தேன். அடுத்த முறை கெட்டிப்படுத்தும் மருந்தை அதிகமாக ஊற்றிவிட்டேன். டப்பா புகைந்து கையிலேயே உருகியது. அதையும் சுரண்டினேன். வெயில் வரும்வரை காத்திருந்து மூன்றாவது தடவை போட்டதுதான் நின்றது. இழைத் தூள் முழங்கையில் ஏறி, சர்ச்சில் ஜெபத்தின் நடுவே சொறிந்துகொண்டிருந்தேன். அந்த மாதங்களில், பள்ளிக்கூடம் விட்டால், பால்காரரைத் தவிர நான் யாரிடமும் பேசாத நாட்கள் பல.

கடைசியில் மிச்சமிருந்தது அந்த நான்காவது போல்ட். குறடு துருப்பிடித்துப் போயிருந்தது. புதுசு வாங்கி மாட்டினேன், நழுவியது. ஏழு தடவை உள்ளே போய் வெளியே வந்தேன். எட்டாவது தடவை போகவில்லை. சரிவில் இறங்கி, கீழே குடியிருக்கும் எஸ்டேட் வேலைக்காரம்மா வீட்டுக் கதவைத் தட்டினேன். பத்து வருடமாகப் பக்கத்தில் இருக்கிறவர். உதவியென்று நான் கேட்டது அதுதான் முதல் முறை.

அவர் ஒன்றும் கேட்காமல் வந்து படகுக்குள் நுழைந்து படுத்துக்கொண்டார். நான் மேலே நின்றேன்.

"புடிச்சுட்டனுங்க டீச்சரம்மா."

"சுத்துதா?"

"இல்லீங்க. அசையல."

திருப்பினேன். தட்டுக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "சாரு ஒருக்கா எங்க ஊட்டு வாசல்ல வந்து நின்னாருங்க. கையில இதே மாதிரி ஸ்பேனரு. என்னமோ கேக்க வந்த மாதிரிதான் இருந்துச்சு. மழ வருமான்னு கேட்டுப்போட்டுப் போயிட்டாருங்க."

ஸ்பேனரை இன்னொரு சுற்றுத் திருப்பினேன். போல்ட் இறுகி நின்றது.

ஊர் ஏரியில் சுற்றுலாப் படகுகள் மட்டும்தான் விடுவார்கள். மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில், காபிக்குத் தண்ணீர் பாய்ச்ச வெட்டிய குளம் இருக்கிறது. அனுமதி வாங்கி, பிக்கப்பில் படகை ஏற்றிக்கொண்டு போனோம். பாய்மரத்தை நிமிர்த்தி, தண்ணீரில் தள்ளும்வரை அந்த அம்மா கூட இருந்தார். "நொம்ப நேரம் இருக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, வேலைக்கு நேரமாயிற்றென்று பிக்கப்பிலேயே போய்விட்டார்.

பாயை ஏற்றியதும் படகு நகர்ந்தது. நடுக்குளம்வரை சத்தமே இல்லாமல் போயிற்று. திடீரென்று சரிவிலிருந்து காற்று திரும்பி அடித்தது. பாய் மறுபக்கம் வீசி, படகு ஒருபக்கமாகச் சாய்ந்து, தண்ணீர் உள்ளே வந்தது. பயத்தில், பாயை இழுத்துப் பிடித்திருந்த கயிற்றை விட்டேன். பாய் படபடத்தது, படகு தானாக நிமிர்ந்தது. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஒருவரும் இல்லை. இருந்திருந்தால் அவர் இதைப் பார்த்து என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தேன். அவரோடு அவ்வளவு நாள் இருந்ததில்லை, எனக்குத் தெரியவில்லை. கையாலேயே துழாவிக் கரைக்கு வந்தேன். ஒட்டுப் போட்ட இடம் ஒழுகவில்லை.

படகைத் தனியாக மேலே இழுக்க முடியாததால் ஒரு மரத்தில் கட்டிவிட்டு, ரோட்டுக்கு நடந்து வந்து ஷேர் ஜீப்பில் ஏறினேன்.

"சேலையெல்லாம் நனைஞ்சிருக்குதுங்க?" என்றார் டிரைவர்.

"படகுல போனேங்க."

"லேக்குல இன்னிக்குக் கூட்டமுங்களா?"

"இல்லீங்க. நான் மட்டுந்தான்."