பொட்டு வைத்த ரைஃபிள்

துப்பாக்கி மாத்திக் கொடுக்கிற தொழில்ல ஒண்ணு நிச்சயம்: கடைக்கு வர்ற எவனுக்கும் கையில இருக்கிற தோட்டாவோட சைஸ் பத்தவே பத்தாது.

லே-ஆஃப் ஆகி, கிடைச்ச வேலையில ஒட்டிக்கிட்ட சக பாவப்பட்ட ஜீவன்களே, உங்களுக்குத்தான் சொல்றேன். டெக்ஸாஸ்ல, ரிச்சர்ட்சன்ங்கிற ஊர்ல என் டெலிகாம் வேலை போனது 2002ல. க்ரீன் கார்டு வந்துடுச்சு, சம்பளம்தான் நின்னுடுச்சு. கோயமுத்தூர்ல பழகின லேத் வேலை கை கொடுத்துச்சு. ஊருக்கு வெளிய டேல்னு ஒரு பெரியவர் துப்பாக்கி ஒர்க்‌ஷாப் வச்சிருந்தார். கவ்பாய் படத்துல கீழ இருக்கிற வளையத்தை டக்கு டக்குனு ஆட்டிச் சுடுவாங்களே, அந்த லீவர் ரைஃபிளை இன்னும் பெரிய தோட்டா போடுற மாதிரி மாத்தணும். அதான் வேலை.

கயிறு

டேல் கடையில ஒரு சட்டம். மாத்தின துப்பாக்கியோட முதல் குண்டை யாரும் தோள்ல வச்சுச் சுடக் கூடாது. பழைய டயர்ல கட்டிட்டு, ட்ரிக்கர்ல கயிறு மாட்டி, சுவருக்கு இந்தப் பக்கம் நின்னு இழுக்கணும்.

எனக்குச் சிரிப்பா வந்துச்சு. "கணக்கெல்லாம் சரியாத்தானே போட்டிருக்கோம், எதுக்கு இவ்ளோ பயம்?"னு கேட்டேன். டேல் காது மெஷினைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே சொன்னார்: "கணக்கு சரிதான் தம்பி. அது அந்த இரும்புக்குத் தெரியணுமே!"

ரசம்

என் பொண்டாட்டி மாலதி, கோயில்ல கேட்கிறவங்ககிட்ட எல்லாம் "அவருக்கு மேனுஃபேக்சரிங் சைடு"னு சொல்லிச் சமாளிச்சுட்டு இருந்தா. ஒரு நாள் சுகர் லேண்ட்ங்கிற ஊர்ல ஒரு அங்கிள் வீட்டுச் சாப்பாட்டுல நான் உண்மையை உளறிட்டேன். ரசம் ஊத்திட்டு இருந்த ஆன்ட்டி கை அப்படியே நின்னுடுச்சு. மாலதி பார்த்த பார்வை இருக்கே, அப்பப்பா!

கை கழுவுற இடத்துல அங்கிள் மெதுவா வந்து காதுல கேட்டார்: "தம்பி, நம்மாளுங்களுக்கு டிஸ்கவுன்ட் ஏதாவது உண்டா?"

ஆயுத பூஜை

லேத்துக்குச் சந்தனம், குங்குமம். ரேக்குல இருந்த ரைஃபிளுக்கெல்லாம் ஆளுக்கொரு பொட்டு. இன்னைக்கு எந்தக் கருவியையும் தொடக் கூடாதுன்னு டேல்கிட்ட சொன்னேன். மனுஷன் சந்தோஷமா மீன் பிடிக்கக் கிளம்பிட்டார்.

அவர் போனதும் வந்தான் எர்ல். மான் சீசன் நெருங்கிட்டு இருந்த நேரம். அவனோட ரைஃபிளை மாத்தி முடிச்சிருந்தேன், கயிறு இழுக்கிறது மட்டும்தான் பாக்கி. "கொடு, என் பண்ணையில நானே சுட்டுப் பார்த்துக்கிறேன்"னான். "பூஜையில இருக்கு சார், நாளைக்கு வாங்க"ன்னேன். ஆளு தக்காளி மாதிரி சிவந்துட்டான்.

மறுபடியும் வேலை போச்சுன்னா மாலதி முகத்துல எப்படி முழிக்கிறது? ஆனாலும் கை அந்த ரேக் பக்கம் போகவே இல்லை. எர்ல் கதவை அறைஞ்சு சாத்தறதுக்கு முன்னாடி சொன்னது: "நாளைக்கு டேல் வரட்டும், அப்புறம் உனக்கு வேலை இருக்கான்னு பார்க்கிறேன்."

மறுநாள்

எர்ல் சொன்ன புகாரை எல்லாம் டேல் பொறுமையா கேட்டார். ரைஃபிளை டயர்ல கட்டினார். கயிறை எர்ல் கையிலேயே கொடுத்து, "இழு"ன்னார்.

சத்தமே சரியில்லை. ஓடிப் போய்ப் பார்த்தோம். இரும்பு பிளந்து, சுடும்போது கன்னத்தை ஒட்டி வைக்கிற மரக்கட்டை சிதறிக் கிடக்குது. ஒரு துண்டு பக்கத்துப் பலகையில குத்திட்டு நிக்குது. நான் செஞ்ச வேலையாச்சே! டேல் உடைஞ்ச இடத்தை லென்ஸ் வச்சுப் பார்த்தார். உள்ளுக்குள்ள துருப்பிடிச்ச பழைய விரிசல், வெளிய தெரியவே தெரியாது. "உன் மேல தப்பில்லை"ன்னு அவர் சொன்னப்புறம்தான் எனக்கு மூச்சே வந்துச்சு.

எர்ல் கீழ கிடந்த ஒரு கட்டைத் துண்டை எடுத்தான். அதுல குங்குமப் பொட்டு அப்படியே இருந்துச்சு. கன்னத்தை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கிட்டு, தணிஞ்ச குரல்ல கேட்டான்: "அடுத்த பூஜை எப்போ? வீட்டுல இன்னும் துப்பாக்கி இருக்கு, எல்லாத்தையும் கொண்டு வர்றேன்."

காப்பாத்தினது சாமியா, கயிறா, இல்ல என் சோம்பேறித்தனமான்னு மாலதி இன்னைக்கும் கேட்கிறா, ஆனா அந்த வருஷத்துல இருந்து டெக்ஸாஸ்லயே ஆயுத பூஜைக்குச் சம்பளத்தோட லீவு விடுற ஒரே துப்பாக்கிக் கடை எங்களோடதாத்தான் இருக்கும்.