ஜமீலா கிளம்பாமல் நின்ற பந்தயம்

அரைப்பரீட்சை விடுமுறைக்கு நான் போளூரில் மாமா வீட்டில் இருந்தேன். பள்ளி திறந்த அன்று, காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில்தான் எனக்குத் தெரிந்தது. பத்தாம் வகுப்பு ஏ பிரிவு ஜமீலா மஞ்சள் காமாலையில் இறந்துவிட்டாள் என்று தலைமையாசிரியை சொன்னார். இறந்து ஆறு நாள் ஆகியிருந்தது. வரிசையில் என் பக்கத்தில் அவள் நிற்கும் இடத்தை யாரோ நகர்ந்து நிரப்பிவிட்டிருந்தார்கள்.

நாளை அவளுக்கு இரங்கல் கூட்டம். அவளோடு அதிகம் பழகியவள் என்று என்னை எழுதிவந்து படிக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்று எழுதி பி.டி. டீச்சரிடம் காட்டித் திருத்தியும் வாங்கிவிட்டேன். அதில் அவரே ஒரு வரி சேர்த்திருக்கிறார்: 'சற்றுக் கவனக்குறைவு இருந்தாலும் நல்ல ஓட்டக்காரி.' அந்த வரியால்தான் வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு, சமையலறை விளக்கில் இந்த இன்னொன்றை எழுதுகிறேன். அப்பா எழுந்து வந்தால் வீட்டுப்பாடம் என்று சொல்ல வேண்டும்.

நீங்கள் எல்லோரும் அவளைப் பராக்கு ஜமீலா என்றுதான் கூப்பிட்டீர்கள். கூப்பிட்டால் திரும்பமாட்டாள் என்பதால் அந்தப் பெயர். அவளுக்குக் காது கேட்காது. எட்டு வயதில் வந்த விஷக்காய்ச்சலில் ஒரு காது போனது. இன்னொன்றில் மிச்சமிருந்ததும் வருஷத்துக்கு வருஷம் குறைந்தது. வெளியே தெரிந்தால் நாளைக்கு எவன் கட்டிக்கொள்வான் என்று வீட்டில் மறைத்தார்கள். முதல் பெஞ்சில் உட்கார்ந்து டீச்சர்களின் உதட்டைப் பார்த்தே அவள் படித்தாள். அவர்கள் கரும்பலகைப் பக்கம் திரும்பிச் சொன்னதை என் நோட்டைப் பார்த்து எழுதினாள். அப்படித்தான் எனக்குத் தெரியவந்தது.

போன வருஷம் டில்லியில் ஆசியப் போட்டி நடந்தபோது பேப்பரில் ஒரு ஓட்டக்காரியின் படம் வந்தது. ஜமீலா அதை வெட்டிப் பூகோளப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். மறுநாள் முதல் மணி அடிக்கும் முன்பே மைதானத்துக்கு வரச் சொன்னாள். திடீரென்று ஓட்டம் எதற்கு என்று கேட்டேன்.

"ஓடும்போது யாரும் பேசமாட்டாங்கடி. எனக்கு ஒண்ணும் விட்டுப்போவாது."

முதல் நாள் தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரேயடியாகப் பாய்ந்தாள். அரைச் சுற்றில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். தனக்கு மூச்சு வாங்கும் சத்தம் அவளுக்கே கேட்காததால், எப்போது வேகத்தைக் குறைப்பது என்று தெரியவில்லை. பிறகு நான் கூடவே ஓடினேன். தோளைத் தொட்டால் மெதுவாக, முதுகைத் தட்டினால் வேகமாக.

ஒருநாள் ஓடி முடித்து உட்கார்ந்திருந்தபோது, "நான் மூச்சு வாங்கினா எப்படிடி கேக்குது?" என்றாள்.

"விழுப்புரம் பாசஞ்சர் மாதிரி."

"அப்ப லேட்டாத்தான் போய்ச் சேருவேன்னு சொல்லு."

ஆனால் கோடை லீவுக்குள் நான்கு சுற்று நிற்காமல் ஓடினாள். காலில் நெருஞ்சி முள் தைத்தால்கூட, சுற்றை முடித்துவிட்டுத்தான் பிடுங்குவாள். என்னால் ஈடுகொடுக்க முடியாமல் மரத்தடியிலேயே இருந்துவிட்டேன்.

பந்தயத்தில் விசில்தான் சிக்கல். மற்றவர்களின் காலைப் பார்த்துக் கிளம்பினால் பின்தங்கிவிடுவாள். அதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். நான் எதிரே ஓரமாக, பின்னலை முன்னால் போட்டுக்கொண்டு நிற்கவேண்டும். விசில் ஊதியதும் அதைப் பின்னால் தள்ளவேண்டும். பள்ளிக்குள் நடந்த இரண்டு பந்தயங்களில் அப்படித்தான் கிளம்பி முதலாவதாக வந்தாள். யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

மாவட்டப் போட்டிக்கு ஆள் எடுத்த அன்று தலைமையாசிரியை என் பக்கத்தில் வந்து நின்றார். "நீ ஏம்மா இங்க நிக்கற? அவளுக்கு எதனா சைகை காட்டறியா?" என்றார். விளையாட்டாகத்தான் கேட்டிருப்பார். இல்லை மேடம் என்றேன். பின்னல் என் கையில் இருந்தது. விசில் ஊதியது. என் கை அசையவில்லை.

ஏழு பேர் ஓடிவிட்டார்கள். ஜமீலா மட்டும் குனிந்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டு கோட்டில் நின்றாள். நீங்கள் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பும் அவளுக்குக் கேட்டிருக்காது. பக்கத்தில் ஆள் இல்லை என்பதைப் பார்த்த பிறகுதான் கிளம்பினாள். அப்படியும் மூன்றாவதாக வந்தாள். எடுத்தது இரண்டு பேரை. ஏன் நின்றாய் என்று டீச்சர் திட்டியபோது, "பராக்குப் பாத்துட்டேன் டீச்சர்" என்றாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

அதன்பிறகு தண்ணீர்க் குழாய் பக்கத்தில், ஏன் பின்னலைத் தள்ளவில்லை என்று என்னிடம் கேட்டாள். பயமாக இருந்தது என்று நான் சொல்லியிருக்கலாம்.

"எனக்கும் விசில் கேக்கலடி" என்றேன்.

அவளுக்குக் கோபம் வரவில்லை. முகம் வெளுத்துப்போனது. "எந்தக் காதுடி? எத்தினி நாளா?" என்று என் தாடையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எங்க வீட்ல மாதிரி மறைச்சிடாத. ஆரம்பத்துலயே பாத்தா சரியாப்பூடும்."

அடுத்த வாரமே பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை மைப் புட்டியில் கொண்டுவந்தாள். மதிய இடைவேளையில் என் தலையை மடியில் சாய்த்துக் காதில் விடுவாள். என் பின்னால் நின்று விரலைச் சொடுக்கி, கேட்கிறதா என்று பார்ப்பாள். நான் ஒருநாள் கேட்கிறது என்பேன், ஒருநாள் கேட்கவில்லை என்பேன். உடனே சரியாகிவிட்டது என்றால் பொய் தெரிந்துவிடுமே என்று பயம். காலையில் மைதானத்துக்கு வருவதையும் நிறுத்திவிட்டாள். "உனக்குச் சரியாவட்டும். அப்பறம் ஓடலாம்" என்றாள். அரைப்பரீட்சை வரை அவள் ஓடவே இல்லை. ஓட்டத்தில் அவளுக்கு ஆசை விட்டுப்போனது என்று நீங்கள் நினைத்தீர்கள். அப்படி இல்லை.

இன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். காது விஷயத்தைக் கூட்டத்தில் சொல்லலாமா என்று அவள் அம்மாவிடம் கேட்டேன். வேண்டாம் என்பார், அந்தச் சாக்கில் தப்பித்துக்கொள்ளலாம் என்று நினைத்துத்தான் போனேன்.

"அவளே போயிட்டா. இனிமே யாருக்கும்மா மறைக்கறது? சொல்லு" என்றார். பிறகு என் தலையைத் தடவி, "உன் காது எப்படிம்மா இருக்கு? ஆஸ்பத்திரில கண்ணு தெறக்கும்போதெல்லாம் அதத்தான் கேட்டா" என்றார்.

தேவலை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நாளை டீச்சர் திருத்திய தாளை எடுத்துப்போகமாட்டேன். தலைமையாசிரியை என்னை என்ன செய்வார் என்று தெரியாது. அப்பாவுக்குத் தெரிந்தால் படிப்பு நின்றாலும் நிற்கும். எல்லாவற்றையும்விட, முன்வரிசையில் அவள் அம்மா உட்கார்ந்திருப்பார். ஜமீலா கொடுத்ததில் என்னிடம் இருப்பது, எனக்கு வராத நோய்க்கு அவள் பார்த்த வைத்தியம். அதை நான் பொய் சொல்லி வாங்கினேன். திருப்பிக் கொடுக்க அவள் இல்லை. படிக்கும்போது பாதியில் குரல் நின்றுவிடலாம். அதனால் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரே ஒரு வரியைப் படித்துவிடுவேன்.

அன்றைக்கு எனக்கு விசில் கேட்டது.