ஆற்றின் நாற்காலியில் அக்கா

ஆற்றுக்கு ஓட்டுரிமை கொடுத்த ஓர் ஊரில், ஆறு மாட்டேன் என்றதால் ஒரு நோயாளி செத்துப்போனாராம். அலுவலகச் சாப்பாட்டு அறையில் பக்கத்து மேஜைக்காரர் சிரித்தபடி சொன்னார். அவருக்கும் யாரோ சொன்னதுதான். அவர் மொழியில் கேட்டதை மனசுக்குள் தமிழில் ஓட்டிப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. அந்த ஊரில் இப்போது ஆறாக உட்கார்ந்திருப்பவள் என் அக்கா.

அக்காவுக்குப் பொதுச் சலவைக்கூடத்தில் வேலை. ஈரத்தில் ஊறி ஊறி விரல் நுனியெல்லாம் வெளுத்திருக்கும். அந்த ஊரில் முதலாளி கிடையாது, புகை கிடையாது, கட்சி கிடையாது. ஊர்ச் சபையில் மனிதர்களோடு ஆற்றுக்கும் மலைக்கும் தேனீக்கும் ஆளுக்கொரு நாற்காலி. அவற்றில் யார் உட்கார்ந்து ஆறாகவோ மலையாகவோ பேசுவது என்பதைக் குலுக்கிப் போட்டு எடுப்பார்கள். ஆற்றின் நாற்காலி அக்காவுக்கு விழுந்த அன்று அத்தானுக்கு ஒரே கேலி.

"என்ன ஆத்தம்மா, குளிக்கத் தண்ணி விடுவீங்களா?"

"முதல்ல உங்க வாய்க்கு ஒரு அணை கட்டணும்."

அத்தானுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. மருத்துவமனையில் டயாலிசிஸ் செய்தால்தான் உயிர். அந்த மெஷினோ தண்ணீரைக் குடித்துத் தள்ளும். கோடை முற்றி, ஆறு அடையாளக் கல்லுக்குக் கீழே இறங்கியது. இனி ஆற்றின் சம்மதம் இல்லாமல் யாரும் தண்ணீர் எடுக்கக் கூடாது. தன் சலவைக்கூடத்தை மூடச் சொல்லி அக்காவே பேசினாள். கைதட்டினார்கள். அடுத்து டயாலிசிஸ் அறையின் முறை.

"ஆறே, குடுப்பியா?" என்றார் சபைத் தலைவர்.

அக்கா பேசவில்லை. சொந்தப் புருஷன் விஷயம், தான் ஒதுங்கிக்கொள்வதுதான் முறை, மற்றவர்கள் முடிவு செய்யட்டும் என்று நினைத்தாள். ஆனால் ஆறு ஒதுங்க முடியாது. பேசாவிட்டால் மறுத்ததாகக் கணக்கு. ஆற்றை யாரும் மிரட்டிப் பேசவைக்கக் கூடாது என்பதற்காக ஆரம்பத்திலேயே எழுதிவைத்த விதி அது. ஏன் பேசவில்லை என்று ஆற்றைக் கேட்கவும் கூடாது. அவள் மனசு கூடத்திலிருந்த எல்லாருக்கும் தெரிந்தது. இருந்தும் மறுப்பு என்றே எழுதிக்கொண்டார்கள்.

வெளியே வந்து தலைவரிடம் கெஞ்சியிருக்கிறாள். "ஐயா, நான் வேணாம்னு சொல்லலையே!"

"தெரியும்மா. அடுத்த சபையில ஆறு தானா எழுந்து சம்மதம்னு சொல்லட்டும், திறந்துடலாம்."

"அதுவரைக்கும் என் வீட்டுக்காரர்?"

"ஆத்துக்கு ஏதும்மா வீட்டுக்காரர்?" அவர் சிரிக்கவில்லையாம்.

அங்கே வீட்டுக்கு வீடு போன் கிடையாது. தெருமுனைப் பொது அறையில் ஒன்றுதான். அத்தானைக் கைத்தாங்கலாக அங்கே கூட்டிவந்து என்னோடு பேசவைத்தாள். வெளியூர் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள் என்று நான் மன்றாடினேன்.

"போனா திரும்ப உள்ள விட மாட்டாங்க மச்சான். அந்த விதிக்குக் கை தூக்கினவங்கள்ல நானும் ஒருத்தன். எனக்குன்னு வந்தா மட்டும் மாத்தணுமா?" மூச்சு இரைத்தது.

"கால் வீங்கித் தூணாட்டம் கெடக்கு, இதுல நியாயம் வேற!" அக்கா ரிசீவரைப் பிடுங்கினாள். "நான் எந்திரிச்சுப் பேசத்தான்டா போறேன். சுயநலக்காரின்னு காறித் துப்பட்டும்."

சபை நேற்றே கூடியிருக்க வேண்டும். அவள் எழுந்தாளா, எழுந்தபோது அத்தான் இருந்தாரா, தெரியவில்லை. சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு மாடிப்படியில் நின்று எண்ணை அழுத்தினேன். அந்தப் பொது அறை போன் அடித்தால் போகிறவர் வருகிறவர் யாராவது எடுத்துவிடுவார்கள். எடுக்காமல் விட்டதே இல்லை.

அடித்துக்கொண்டே இருக்கிறது.